டிராஃப்ட்டுக்குப் பதிவுக் கட்டணம்: பெங்களூருவில் ஒரு குடும்பம், ஒரு ஒப்பந்தம்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், அணிகள் வருஷாவருஷம் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பதற்குப் பெயர் டிராஃப்ட். அதில் ஒரு பையனைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லி அவன் வீட்டில் பணம் கேட்டதைப் பற்றிய குறிப்பு இது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. பையனை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உயரமாக ஒரு பிள்ளை இருக்கிற வீடுகளில் இதைப் படித்தால் போதும். அவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பின்னணி

பையன் 2006 ஆகஸ்டில் பிறந்தவன். இந்தச் சம்பவம் தொடங்கிய 2023 நவம்பரில் அவனுக்கு 17 வயது, உயரம் 6 அடி 6 அங்குலம். வீடு அல்சூரை ஒட்டிய மர்ஃபி டவுனில். அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர். எம்.இ.ஜி. என்று இங்கே எல்லோரும் சொல்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவப் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது ஒயிட்ஃபீல்டில் ஓர் ஐ.டி. வளாகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். குடியிருப்பது லீஸ் வீடு. எட்டு லட்சம் ரூபாயை மொத்தமாக உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இருக்கிறார்கள். அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தில் கையில் நின்றது அது மட்டும்தான்.

நான் அந்தப் பகுதியில் காலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தரும் ஒரு சிறிய சங்கத்தின் பயிற்சியாளர். பையன் பதிமூன்று வயதிலிருந்து எங்களிடம் ஆடுகிறான். மாநில ஜூனியர் அணியில் இடம் பிடித்திருந்தான்.

இங்கே கூடைப்பந்து ஆடும் பையனுக்கு வீட்டார் மனத்தில் வைத்திருக்கிற எதிர்காலம் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான். ரயில்வே, ராணுவம், வருமானவரித் துறை, வங்கி. பெங்களூருவில் விஜயா வங்கி அணி என்றால் தனி மதிப்பு இருந்தது. 2019இல் அந்த வங்கி பாங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டது. ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூரு அதற்கு இரண்டு வருஷம் முன்பே எஸ்.பி.ஐ.யோடு சேர்ந்துவிட்டது. வேலை தரும் அணிகள் குறைந்துகொண்டே போகிற காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அதனால் அமெரிக்காவின் என்.பி.ஏ. என்று ஒருவர் வாயைத் திறந்தால் வீட்டில் காது கொடுக்கத்தான் செய்வார்கள். அதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன்.

அணுகிய விதம்

நவம்பரில் ஒரு மாநில அளவிலான போட்டி. ஆட்டம் முடிந்ததும் கேலரியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து அப்பாவிடம் பேசியிருக்கிறார். ஆட்டக்காரர்களை வெளிநாட்டு லீகுகளோடு இணைத்துவிடுவதாகச் சொன்னார். பையனைப் பார்த்தவுடன் "இவன் டிராஃப்ட் மெட்டீரியல்" என்றாராம். அடுத்த ஜூனில், அதாவது 2024இல், நடக்கும் என்.பி.ஏ. டிராஃப்ட்டில் பெயரைச் சேர்த்துவிடலாம் என்றும், இடம் நிரம்புவதற்குள் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அதன்பின் எல்லாம் வாட்ஸ்அப்பில். மொத்தக் கட்டணம் ஆறரை லட்சம், மூன்று தவணை. டிராஃப்ட் பதிவு, ஆட்டத்தின் வீடியோத் தொகுப்பு, வெளிநாட்டில் இரண்டு வாரப் பயிற்சி முகாம், இவை எல்லாம் அதில் அடக்கம். இடத்தைப் பிடித்து வைக்க 25,000 ரூபாய் டோக்கன். டிசம்பர் முதல் வாரத்தில் அப்பா அதை யூ.பி.ஐ.யில் அனுப்பிவிட்டார். மீதிப் பணத்துக்கு, பிப்ரவரியில் லீஸ் முடிந்ததும் எட்டு லட்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கே.ஆர்.புரம் தாண்டி ஒரு வாடகை வீட்டுக்குப் போவது என்று அம்மாவும் அப்பாவும் பேசி முடித்திருந்தார்கள்.

இத்தனையும் எங்களுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்ல வேண்டாம், சொன்னால் மற்ற பயிற்சியாளர்கள் தங்கள் பையனை உள்ளே நுழைக்கப் பார்ப்பார்கள் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். ஜனவரியில் ஒப்பந்தம் தபாலில் வந்தபோதுதான் அப்பா அதை நாங்கள் பயிற்சி தரும் கூடைப்பந்து கோர்ட்டுக்கு எடுத்து வந்தார். அப்போதும் சந்தேகத்தில் வரவில்லை. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. "தம்பி, நாலு எடத்துல கையெழுத்து கேக்கறாங்க. ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க" என்றார்.

ஒப்பந்தத்தில் இருந்தவை

எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் கூடைப்பந்தின் படத்தோடு பளபளப்பான சின்னம். உள்ளே போகப்போகத்தான் விஷயம் தெரிந்தது. பத்து ஆண்டு ஒப்பந்தம். அந்தப் பத்து ஆண்டில் பையன் "விளையாட்டின் வழியாக" சம்பாதிக்கும் எந்தப் பணத்திலும் 20 சதவீதம் அவர்களுக்கு. நாளைக்கு இவன் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தால் மாதச் சம்பளத்திலும் ஐந்தில் ஒரு பங்கு போகும் என்பதுதான் அதன் பொருள். கட்டிய பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பக் கிடைக்காது. டிராஃப்ட் பற்றி எட்டுப் பக்கத்திலும் இருந்தது ஒரே வரி: பெயரைப் பரிசீலனைக்கு அனுப்ப "முயற்சி செய்யப்படும்". யார் பரிசீலிப்பார்கள் என்பது இல்லை.

இன்னொன்றையும் அப்போதே கவனித்தோம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பையனின் பெயரும் இருந்தது. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 11ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் பணம் கட்டும் பொறுப்பு அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. அவரை அது கட்டுப்படுத்தும்.

டிராஃப்ட் நடக்கும் முறை

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். தையல் மெஷின் மேல் ஒரு நோட்டை விரித்து வைத்து, நான் எழுத எழுத அம்மாதான் அதிகம் கேள்வி கேட்டார்.

என்.பி.ஏ.வில் 30 அணிகள். வருஷத்துக்கு ஒருமுறை ஜூனில் டிராஃப்ட். 1947இல் தொடங்கிய முறை. 1989இலிருந்து இரண்டே சுற்று. ஒரு சுற்றில் அணிக்கு ஒருவர் என்று கணக்கிட்டால் 60 பேர். விதி மீறிய அணிகளின் வாய்ப்பு பறிக்கப்பட்டதால் 2024க்கு 58 இடம்தான். உலகம் முழுவதற்கும் சேர்த்து 58.

நமக்குப் பழக்கமான ஏலத்தில் பணம் அதிகம் வைப்பவருக்கு ஆள் கிடைப்பார். ஐ.பி.எல்., கபடி எல்லாம் அப்படித்தான். இங்கே அணி பணத்தைக் காட்டி முந்த முடியாது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு, எத்தனையாவது ஆளோ அதற்கென்று வகுத்த அளவுகோலில் சம்பளம். முதல் இரண்டு ஆண்டு உத்தரவாதம், அடுத்த இரண்டு ஆண்டு அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு அந்த உத்தரவாதம்கூட இல்லை. எடுக்கப்பட்டவரோடு பேசும் உரிமை எடுத்த அணிக்கு மட்டும். எடுக்கப்பட்டதாலேயே வேலை கிடைத்துவிட்டது என்று ஆகாது.

முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். பலவீனமான அணி எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காக. ஆனால் கடைசி இடத்துக்கு முதல் ஆள் நிச்சயம் என்று வைத்தால் வேண்டுமென்றே தோற்பார்கள். அதைத் தடுக்க 1985இல் குலுக்கல் கொண்டுவந்தார்கள். 2024இல் இருந்த முறையில், பிளேஆஃப் என்கிற இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குத் தகுதி பெறாத 14 அணிகளுக்கு மட்டும் குலுக்கல். 14 பிங்பாங் பந்துகளில் நான்கை எடுக்கும்போது 1,001 விதமான சேர்க்கை வரும். ஒன்றை விட்டுவிட்டு மீதி ஆயிரத்தையும் அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 2019இலிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு ஒரே அளவு, 14 சதவீதம். குலுக்கலில் முடிவாவது முதல் நான்கு இடங்கள்தான். மீதி, தோல்விக் கணக்கின்படி.

இதைச் சொன்னபோது அம்மா நிறுத்தினார். "அப்ப அந்த லாட்டரில நம்ம புள்ள பேரு இருக்காதா?"

அந்த மனிதர் குலுக்கல் வீடியோவை அனுப்பி, பையனின் பெயர் அந்தப் பந்துகளில் ஒன்றாகப் போகும் என்று நம்ப வைத்திருக்கிறார். பதிவுக் கட்டணம் என்பது அந்தப் பந்துக்கான விலை என்றே அம்மா நினைத்திருந்தார். பந்துகள் அணிகளுக்கானவை, எந்த ஆட்டக்காரரின் பெயரும் அதில் இல்லை என்று தெரிந்ததும், அன்றைய பேச்சில் அவர் பக்கம் பாதி முடிந்துவிட்டது.

அப்பா வேறு வழியில் யோசித்தார். ராணுவ ரெக்ரூட்மென்ட் ரேலி மாதிரி, தகுதி இருக்கிறவன் எல்லாம் போய் வரிசையில் நின்று அளவு காட்டலாமா என்று கேட்டார். ரேலிக்கு நாம் போகிறோம். இங்கே அவர்கள் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆளைத்தான் எடுக்கிறார்கள். சிகாகோவில் மே மாதம் உயரம், கைவீச்சு, குதிக்கும் அளவு எல்லாம் எடுக்கும் முகாம் ஒன்று உண்டு. அதற்கும் அழைப்பு வந்தால்தான் போக முடியும்.

அடுத்தது வயது. இதுதான் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது ஆகவேண்டும். 2006இல் பிறந்தவனுக்கு 2024இல் 18தான். அந்த மனிதர் சொன்ன ஜூன் டிராஃப்ட்டில் இவனுக்கு இடமே கிடையாது. 2025இல்தான் முதன்முதலாகத் தகுதி வரும். அதுவும் டிராஃப்ட்டுக்கு 60 நாள் முன்னால் தானே லீகுக்கு எழுதித் தெரிவித்தால். அப்படி எழுதியவர் பத்து நாள் முன்புவரை பின்வாங்கலாம். எழுதாவிட்டாலும், அமெரிக்காவுக்கு வெளியே ஆடுகிறவருக்கு 22 வயதாகும் ஆண்டில் தானாகவே தகுதி வந்துவிடும். இவனுக்கு அது 2028. எழுதுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. முன்கூட்டியே எழுதிக்கொடுத்தவர்களின் பட்டியலை லீகே ஒவ்வொரு வருஷமும் வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம்.

ஏஜென்ட் விஷயமும் அப்படித்தான் வெளிப்படையானது. என்.பி.ஏ. ஒப்பந்தத்துக்காக ஓர் ஆட்டக்காரர் சார்பில் பேச, அங்கே உள்ள ஆட்டக்காரர் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். சான்று பெற்றவர்களின் பெயர்கள் அந்தச் சங்கத்தின் தளத்தில் இருக்கின்றன. கட்டணம் ஆடும் ஒப்பந்தச் சம்பளத்தில் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சம்பளம் வந்த பிறகுதான் வாங்க வேண்டும். நாங்கள் தேடினோம். கேலரியிலிருந்து இறங்கி வந்தவரின் பெயரும் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்த நிறுவனத்தோடு பொருந்தும் யாரும் இல்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, மேற்கொண்டு ஒரு ரூபாயும் கட்டக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது. அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் நேரடியாகச் சண்டைக்குப் போகாமல், மூன்று கேள்வியை மட்டும் எழுத்தில் அனுப்பச் சொன்னேன். 2006இல் பிறந்தவருக்கு 2024 டிராஃப்ட்டில் எந்த விதியின்படி தகுதி? உங்கள் சான்றிதழ் எண் என்ன? பதிவுக் கட்டணம் யாருக்குச் செலுத்தப்படுகிறது, ரசீது தருவீர்களா? மூன்றுக்கும் பதில் வரவில்லை. "நம்பிக்கை இல்லாதவர்களோடு வேலை செய்வதில்லை" என்று மட்டும் வந்தது. கேள்வியை எழுத்தில் கேட்டதால் அந்தப் பதிலும் எழுத்தில் கிடைத்தது. பின்னால் பணத்தைத் திரும்பக் கேட்டபோது அது உதவியது.

இரண்டாவது, லீஸைப் புதுப்பிப்பது. வீட்டு உரிமையாளர் ஒரு லட்சம் கூட்டிக் கேட்டார். பேசி ஐம்பதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது, 25,000 ரூபாய். அப்பாவோடு சர்வீஸில் இருந்தவரின் மகள் வக்கீல். அவர் மூலம் நோட்டீஸ் போனது. பத்தாயிரம் திரும்பி வந்தது. அதோடு நின்றுவிட்டது.

பையனின் மறுப்பு

இந்தச் சம்பவத்தில் கடினமான பகுதி இதுதான். விதிகளைப் பார்த்து அம்மாவும் அப்பாவும் தெளிந்துவிட்டார்கள். பையன் தெளியவில்லை. இரண்டு மாதமாக அவன் தன்னை டிராஃப்ட்டுக்குப் போகிறவன் என்று நினைத்து எழுந்து, தூங்கியிருக்கிறான். வகுப்பில் இரண்டு நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறான். நான் அவனை இங்கேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், மாநில அணிக்கு உயரமான ஆள் வேண்டும் என்பதால் தடுக்கிறேன் என்று வீட்டில் சொன்னான். பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான்.

நாங்கள் துரத்தவில்லை. பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு (பிளஸ் டூ) பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் ஒரு காரியம் செய்தார். சத்னாம் சிங் பற்றி நான் எழுதிக்கொடுத்த தாளை அவன் புத்தகத்துக்குள் வைத்தார். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துப் பையன், ஏழடி இரண்டு அங்குலம். லூதியானா அகாடமியில் பயிற்சி. 2010இல், பதினான்கு வயதில், உதவித்தொகையில் ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். ஐந்து வருஷம் அங்கே ஆடிய பிறகு, 2015இல், டல்லாஸ் மாவரிக்ஸ் 52ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்ட்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள். அப்புறமும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. டல்லாஸின் துணை லீக் அணியில் ஆடினார். அந்தத் தாளைப் படித்தானா என்று அவன் இன்றுவரை சொல்லவில்லை.

பரீட்சை முடிந்து ஏப்ரலில் அவனாகவே வந்தான். வந்தவுடன் கேட்ட கேள்வி: "கோச், அப்போ நான் என்னதான் செய்யணும்?"

ஆட்டத்தில் செய்த மாற்றம்

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் அவன் ஆடும் இடமே மாற வேண்டியிருந்தது. 6 அடி 6 அங்குலம் என்பது நம் ஊர் ஜூனியர் ஆட்டத்தில் ரிங்குக்குக் கீழே நிற்கிற போஸ்ட். பந்து உள்ளே வரும், திரும்புவான், போர்டில் வைப்பான், இரண்டு புள்ளி. அதே உயரம் என்.பி.ஏ.விலோ நல்ல ஐரோப்பிய லீகிலோ வெளியே ஓடி, பந்தைத் தட்டிக்கொண்டு போய், தூரத்திலிருந்து எறிகிற ஆளின் உயரம். இவனுக்கு இடது கையில் பந்தைத் தட்டத் தெரியாது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்ததே இல்லை. எறிய யாரும் விட்டதில்லை.

இங்கே தேர்வுக் குழு பார்ப்பது இந்தப் போட்டியை யார் ஜெயித்துக் கொடுப்பார் என்பதை. டிராஃப்ட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்ப்பது ஐந்து வருஷம் கழித்து இவன் என்னவாக இருப்பான் என்பதை. நம் பிள்ளைகளில் உயரமாக இருப்பவனைச் சீக்கிரமே உள்ளே நிறுத்திவிடுகிறோம். அவனும் அங்கேயே நின்றுவிடுகிறான். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அமெரிக்கா போகாவிட்டாலும், சர்வதேச ஆட்டத்தில் நம் போஸ்ட்டுகள் தங்களைவிட அரையடி உயரமான ஆளோடு முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம்.

ஆகவே சங்க ஆட்டங்களில் அவனை வெளியே ஆட விடுவது, மாநில அணியில் அவர்கள் சொல்லும் இடத்தில் ஆடுவது என்று முடிவெடுத்தோம். எங்கள் கோர்ட்டில் பெயின்ட் அடித்திருக்கும் மூன்று புள்ளிக் கோடு சர்வதேச அளவு, 6.75 மீட்டர். என்.பி.ஏ. கோடு நடுவில் 7.24 மீட்டர். வித்தியாசம் அரை மீட்டர்தான். அதற்கு வெளியே சுண்ணாம்பில் இன்னொரு வளைவு வரைந்தோம். முதல் வாரங்களில் அங்கிருந்து எறிந்த பந்து பல நேரம் ரிங்கைத் தொடவில்லை. தோளால் தள்ளுகிற பழக்கம் இருந்தது; முழங்கால் மடங்கவே மடங்காது. காலிலிருந்து பலம் மேலே வர வேண்டும் என்பதற்காக, பந்தே இல்லாமல் உட்கார்ந்து எழுந்து மணிக்கட்டை மடக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வைத்தோம். மழை வந்தால் சுண்ணாம்புக் கோடு போய்விடும். பின்னால் அவனே வரைந்துகொள்ள ஆரம்பித்தான்.

இதற்கு விலை இருந்தது. அவன் வெளியே போனதால் உள்ளே விழும் பந்துகளை எடுக்க ஆளில்லை. அந்த சீசனில் சங்கம் வழக்கமாக ஜெயிக்கும் ஆட்டங்களில் தோற்றது. மற்ற பையன்களின் பெற்றோர் இருவர் வந்து, ஒருவனுக்காக மொத்த டீமும் தோற்க வேண்டுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் கடைசி பத்து நிமிஷம் ஆட்டம் நெருக்கமாக இருந்தால் மட்டும் அவனை உள்ளே நிறுத்துவது என்று மாற்றிக்கொண்டோம்.

2024 ஜூன்

அந்த மனிதர் வாக்குக் கொடுத்திருந்த டிராஃப்ட், இந்திய நேரப்படி ஜூன் 27 அதிகாலையில் தொடங்கியது. அந்த வருஷம் இரண்டு நாள் நடத்தினார்கள், நாளுக்கு ஒரு சுற்று. காலைப் பயிற்சிக்கு வந்த பையன்கள் கோர்ட் ஓரத்தில் ஒரு போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். குலுக்கலில் வெறும் 3 சதவீத வாய்ப்பு மட்டும் இருந்த அட்லாண்டா அணிக்கு முதல் ஆளை எடுக்கும் உரிமை விழுந்திருந்தது. அவர்கள் எடுத்தது பிரான்ஸின் ஸக்காரி ரிசாஷேவை. பத்தொன்பது வயது. அவருடைய அப்பாவும் பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடி 2000 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். டிராஃப்ட்டுக்கு வந்தபோதே பிரெஞ்சுத் தொழில்முறை லீகில் பெரியவர்களோடு ஒரு முழு சீசன் ஆடியிருந்தார். நம் பையனைவிட உயரம், ஆனால் வெளியே ஆடுகிறவர்.

நான் அதிகம் பேசவில்லை. அவனே மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்: யாருக்கு எத்தனை வயது, எந்த லீகில் ஆடினார், ஏன் இந்த அணி இந்த இடத்தை வேறு அணியிடமிருந்து வாங்கியது. ஜனவரியில் தையல் மெஷின் மேல் எழுதிய கணக்கு எல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது.

அதன் பிறகு

பெங்களூருவிலேயே ஒரு கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பி.காம். இடம் கிடைத்தது, கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி. 2025 தொடக்கத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே இருந்து பத்து எறிந்தால் நான்கு உள்ளே போகிற அளவுக்கு வந்திருந்தான், யாரும் மறிக்காதபோது. ஆட்டத்தில் அவ்வளவு இல்லை. இடது கை இன்னும் தேற வேண்டும்.

2025இல் அவன் லீகுக்கு எழுதிக்கொடுத்திருக்கலாம். எழுதவில்லை. பார்வையில் படாத ஆள் எழுதிக்கொடுப்பதால் எந்த அணியும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அதோடு, இப்படி டிராஃப்ட்டில் பெயர் கொடுப்பதும் ஏஜென்டோடு ஒப்பந்தம் போடுவதும் அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடும் தகுதியைச் சிக்கலாக்கக்கூடும். அந்த எட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பணத்தைத் தாண்டி இந்தக் கதவும் மூடியிருக்கலாம்.

அந்தக் கதவு நமக்கு அந்நியமானது அல்ல. பெங்களூருவின் சஞ்சனா ரமேஷ் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக அணியில் ஆடி, இந்தியாவுக்கும் ஆடியவர். அந்த உதாரணத்தை வைத்துக்கொண்டு, பையன் வெளியே நின்று ஆடும் ஆட்டங்களை மட்டும் சேர்த்து வீடியோ செய்தோம். அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரிகள் சிலவற்றுக்கு அனுப்பினோம். இரண்டு பயிற்சியாளர்கள் பதில் எழுதினார்கள். ஒருவர் பாதி உதவித்தொகை தரமுடியும் என்றார். மீதிப் பாதியே வருஷத்துக்கு லீஸ் பணத்தைவிட அதிகமாக வந்தது. குடும்பம் மறுத்தது. மறுத்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். முழு உதவி கிடைத்தால் யோசிக்கலாம். இதற்கிடையே மாநில சீனியர் முகாமுக்கு அழைப்பு வந்தது. ஒரு வங்கி அணி மாத உதவித்தொகையில் ஒப்பந்தம் பேசியது; அதில் சேர்ந்தான். அந்த ஒப்பந்தத்தை அப்பாவே முதலிலிருந்து கடைசிவரை வரி வரியாகப் படித்தார்.

மாற்றியவை, மாற வேண்டியவை

சங்கத்தில் இப்போது பதினைந்து வயதைத் தாண்டிய ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு தாள் கொடுக்கிறோம். பிள்ளையின் பிறந்த வருஷத்தோடு 19ஐயும் 22ஐயும் கூட்டி இரண்டு ஆண்டுகளை எழுதியிருப்போம். எந்த லீகுக்கும் டிராஃப்ட் என்று சொல்லிப் பணம் கேட்டால், பணம் அனுப்பும் முன் அதைக் கொண்டு வாருங்கள் என்றும், அனுப்பிவிட்டால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள் என்றும் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கும். ஆன்லைன் பண மோசடிக்கான அந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு உண்டு. இந்தக் குடும்பத்துக்கு அப்போது அந்த எண் தெரியாது. ஒப்பந்தத்தின் நகலையும், பெயர்களை மறைத்து, கூட்டத்தில் படிக்கக் கொடுக்கிறோம்.

உயரமான பையன்கள் எல்லோரும் வாரத்தில் இரண்டு நாள் வெளியே நின்று ஆட வேண்டும் என்பதையும் வழக்கமாக்கிவிட்டோம்.

போலீஸ் புகார் மட்டும் இன்னும் கொடுக்கப்படாமல் நிற்கிறது. பையனின் பெயர் ஏதாவது ஒரு எஃப்.ஐ.ஆரில் வந்து, நாளைக்கு அரசு வேலைக்குப் போகும்போது கேள்வியாகிவிடும் என்று அப்பா பயப்படுகிறார். புகார் கொடுத்தவரின் மகனுக்கு அப்படி எதுவும் வராது என்று வக்கீல் எடுத்துச் சொல்லியும் அவர் மனம் ஒப்பவில்லை. எனக்கு இதில் அவரோடு உடன்பாடு இல்லை. வேறொரு ஊரில் ஒரு குடும்பம் அதே மனிதரிடம் முழுத்தொகையும் கட்டியதாகக் கேள்விப்பட்டோம்; விசாரித்து, தொடர்பு கிடைத்திருக்கிறது. அவர்கள் புகார் கொடுத்தால் தன்னிடமுள்ள வாட்ஸ்அப் செய்திகளையும் ஒப்பந்தத்தையும் கொடுத்து வாக்குமூலம் தருவதாக அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.